தேதி இல்லாத பன்னிரண்டு பருவங்கள்

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை. திருப்பதியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெரிய பழக்கூழ் நிறுவனம் அன்று செங்கம்மா என்னும் விவசாயிக்கு மூன்று வரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்தது. 1996 முதல் 2007 வரையிலான கொள்முதல் பதிவுகள் தங்களிடம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. பதிவுகள் இருந்தன. அந்த நிறுவனத்தின் சொந்தக் கிடங்கில், அதன் சொந்தப் பூட்டுக்குள், பன்னிரண்டு பெட்டிகளில் இருந்தன. இருந்ததை இல்லை என்று முத்திரையிட்டு எழுதிக் கொடுத்தார்கள். என் குறை இதுதான்.

என் பெயர் பாலசுந்தரம். முப்பத்து நான்கு ஆண்டுகள் சித்தூர் மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியனாக இருந்து 2001இல் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு, தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ மனு எழுதத் தெரியாத எல்லைக் கிராமத்துத் தமிழர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். செங்கம்மா அப்படி வந்தவர். பங்காருபாளையத்துக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் அவர் ஊர். கூலி வேலை செய்த குடும்பம். சொந்த நிலம் என்று எதுவும் இருந்ததில்லை. அவர் கணவர் ரங்கையா 1989இல் ஊர்க்கோடியில் கிடந்த புறம்போக்கில், கல் பொறுக்கி, குடத்தில் தண்ணீர் சுமந்து, தொண்ணூற்றாறு தோத்தாபுரி மாங்கன்றுகளை நட்டார். இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். சர்வே எண் 214/3. கிராமக் கணக்கில் அவர் பெயரைச் சாகுபடியாளராக எழுதச் சொல்லி அலையாத நாளில்லை. எழுதுகிறேன் என்றார்கள், எழுதவில்லை. 2008 சனவரியில் ரங்கையா இறந்துபோனார். ஒரே மகன் ரமணா குவைத்தில் லாரி ஓட்டுகிறான்.

2014இல் அந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுப்பதாக அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சாகுபடி செய்ததற்குச் சான்று காட்டுவோரின் நிலம் மட்டும் விலக்கப்படும் என்றும் அறிவிப்பில் இருந்தது. சூலை மாதம் இருபத்தொன்றாம் தேதி பங்காருபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை. மணமக்களுக்கான சிவப்பு நாற்காலியில் விசாரணை அலுவலர் அமர்ந்திருந்தார். செங்கம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நூலால் கட்டிய சீட்டுக் கட்டை அவர் முன் வைத்தார். எண்பத்து மூன்று சீட்டுகள்.

அலுவலர் ஒன்றைப் பிரித்தார். திருப்பினார். இன்னொன்றைப் பிரித்தார்.

"என்னம்மா இது, வெள்ளைப் பேப்பர்?"

"எடை சீட்டு சார். ஃபேக்டரியில குடுத்தது."

"எடை எங்கே?"

"இருந்துச்சி சார். அடிச்சிக் குடுக்க சொல்ல கருப்பா நல்லாத்தான் இருந்துச்சி. எங்க வூட்டுக்காரு ஒண்ணு வுடாம டப்பால போட்டு வச்சிக்கினு வந்தாரு. காத்து பட்டுச்சோ வெயிலு பட்டுச்சோ, எழுத்தெல்லாம் பூடுச்சி."

"பூடுச்சின்னா நான் எதைப் படிக்கிறது?"

பின்வரிசையில் இருந்த ஒருவர், "லாண்டரிக்குப் போட்டு எடுத்துக்கினு வந்துக்கீது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

செங்கம்மா திரும்பிப் பார்த்தார். "உன் கையில கீற காயிதம் கருப்பா கீதான்னு பாத்துக்கோ நைனா. வெளுக்குறதுக்கு எங்க டப்பா, உங்க டப்பான்னு தெரியாது."

சிரிப்பு நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. சூடு பட்டால் கறுக்கும் வழவழப்புத் தாளில், காயை வாங்கிய ஆலை சீட்டு அடித்துக் கொடுத்தது. அந்தத் தாளில் எழுத்து நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் நிற்காது. அதை வாங்கிச் செல்பவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அலுவலர் கட்டை மீண்டும் கட்டிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாஸ்டர், காயை வாங்கின கம்பெனியில கேட்டு லெட்டர் வாங்கிட்டு வாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாங்க இல்ல? அது போதும் எனக்கு."

அது நியாயமான பேச்சு. ஏனென்றால், அந்த ஆலைக்கு ரங்கையாவைத் தெரியும். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு அரசு கதவைத் திறந்ததும் எங்கள் மாவட்டத்தில் பழக்கூழ் ஆலைகள் எழும்பின. பங்காருபாளையத்து ஆலை பீப்பாய் பீப்பாயாக ஐரோப்பாவுக்குக் கூழ் அனுப்பியது. எந்தத் தோட்டத்துக் காய், எந்த மருந்து அடித்த காய் என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். ஆகவே 1996 பருவத்திலிருந்து வாயிலில் எடைமேடையோடு ஒரு கணிப்பொறியைச் சேர்த்தார்கள். வண்டி மேடையில் ஏறியதும் விவசாயியின் பெயர், ஊர், தோட்டத்தின் சர்வே எண், காயின் இனம், எடை, தேதி, நேரம் அனைத்தும் அதில் ஏறின. எங்கள் கிராமக் கணக்கு பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட எழுதாத பெயரை அந்தப் பொறி ஒவ்வொரு பருவத்திலும் ஏழெட்டு முறை எழுதியது.

2009இல் பெரிய நிறுவனம் ஒன்று அந்த ஆலையை வாங்கியது. கட்டடத்தையும் கொதிகலனையும் வாங்கியவர்கள் அதன் பதிவுகளையும் சேர்த்தே வாங்கினார்கள். அவற்றின் பொறுப்பாளர் ஹரிபாபு, முப்பத்தைந்து வயதிருக்கும், திருப்பதி அலுவலகத்தில் குளிரூட்டிய அறை. நாங்கள் சூலை இறுதியில் மனுக் கொடுத்தோம். ஆகஸ்டு பதினொன்றில் அந்த மூன்று வரிக் கடிதம் வந்தது.

மறுநாளே நானும் செங்கம்மாவும் பேருந்து ஏறி அவர்முன் போய் உட்கார்ந்தோம்.

"எங்கே தேடினீர்கள்?" என்று கேட்டேன்.

"சிஸ்டம்ல சார். பழைய ரெக்கார்ட்ஸ் எல்லாத்துக்கும் இண்டெக்ஸ் இருக்கு. 1996 ஜனவரி ஒண்ணுல இருந்து 2007 டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் தேதி போட்டுத் தேடினேன். ஜீரோ." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "சூடண்டி, நீங்களே பாருங்க."

"அட்டவணையில் தேடினீர்கள். அலமாரியில் தேடினீர்களா?"

"அலமாரியில யாரு சார் தேடுவா?"

"அப்படியானால், 'அட்டவணையில் தேடினோம், கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். அது உங்கள் நிலைமை. 'இல்லை' என்று எழுதினால் அது உலகத்தின் நிலைமை ஆகிவிடுகிறது. உலகத்துக்குச் சான்று கொடுக்கும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?"

அவர் சிரித்தார். கிண்டலான சிரிப்பு இல்லை; வேலை மிகுந்தவனின் சிரிப்பு. "சார், சட்டம் எட்டு வருஷம்தான் வைக்கச் சொல்லுது. அதுக்கு முன்னாடியது இருந்தாலும் கொடுக்கணும்னு ரூல் இல்ல."

செங்கம்மா நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "தம்பி, எட்டு வருசத்துக்கு மேல ஆனதெல்லாம் வச்சிக்கக் கூடாதுன்னா, எங்க மரத்துக்கு இருவத்தஞ்சு வருசம் ஆவுது. அத இன்னா பண்ணலாம் சொல்லு."

"அம்மா, நான் மரத்தைச் சொல்லல."

"நீ சொல்லலப்பா. உன் லெட்டரு சொல்லுது."

அன்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் போனோம். கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ரமணா குவைத்திலிருந்து எனக்குப் பேசினான். "சார், நைனா லாரி மேல குந்திக்கினு போனது எனக்கே ஞாபகம் கீது. நான் அப்ப மூணாவது படிச்சிக்கினு இருந்தேன். அந்த மிசினுக்கு ஞாபகம் இல்லியா? இங்க நான் எப்போ எந்த கேட்டுல எத்தினி மணிக்கு நொழஞ்சேன்னு பத்து வருசத்துக்கு எடுத்துக் குடுக்குறானுங்க சார்."

மூன்றாம் முறை, ஆகஸ்டு இருபத்தைந்தாம் தேதி, காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். செங்கம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அங்கேயே பிரித்தார். காவலாளி வந்து இங்கே சாப்பிடக் கூடாது என்றார். "இல்லன்னு எழுதிக் குடுத்தவங்க இருக்குறத காட்டட்டும், நான் எந்திரிச்சிப் போயி வெளிய துன்றேன்" என்றார் செங்கம்மா. ஹரிபாபு எழுந்து வந்தார், முகம் சிவந்திருந்தது. "வாங்க சார். நீங்களே வந்து பாருங்க. பார்த்துட்டு விட்டுடுங்க" என்று தம் காரில் ஏற்றிக்கொண்டார்.

கிடங்கு சந்திரகிரியைத் தாண்டி இருந்தது. பழைய ஆலையிலிருந்து அள்ளி வந்த மேசைகள், அறுந்த மின்விசிறிகள், துருப்பிடித்த தராசுகள். மூலையில் ஓர் இரும்பு அலமாரி. அதன் சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆனது. திறந்தபோது உள்ளே, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் பன்னிரண்டு, வரிசையாக நின்றன. காந்த நாடாச் சுருள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் வட்ட வட்டமான தெலுங்குக் கையெழுத்து. எண் எதுவும் இல்லை. தாது. ஈசுவர. பகுதான்ய. பிரமாதி. விக்கிரம. நான் படித்துக்கொண்டே போனேன். கடைசிப் பெட்டி சர்வசித்து.

"இதெல்லாம் லிஸ்ட்ல இருக்கு சார்" என்றார் ஹரிபாபு. "ஹைதராபாத்ல இருந்து வந்த ஏஜென்சிக்காரங்க எண்ட்ரி போட்டாங்க. லேபிள்ல தேதி இல்ல, அதனால தேதிக் கட்டத்தை காலியா விட்டுட்டாங்க. தேதி காலியா இருக்கறது தேதி போட்டுத் தேடினா வராது."

"இது என்ன வருடம்?"

"எது?"

"இப்போது நடக்கும் வருடம். உகாதிக்கு உங்கள் வீட்டில் பஞ்சாங்கம் படிக்கவில்லையா?"

அவர் யோசித்தார். "ஜய. டி.வி.ல சொன்னாங்க."

"ஜய. போன ஆண்டு விஜய. அதற்கு முன் நந்தன. கர, விக்ருதி, விரோதி, சர்வதாரி, சர்வசித்து." விரல் மடக்கிச் சொன்னேன். "சர்வசித்து 2007. இந்தப் பக்கக் கடைசி, தாது, 1996. ஒன்றுகூட விடுபடவில்லை. பன்னிரண்டு பருவம், பன்னிரண்டு பெட்டி. தெலுங்குக்கும் தமிழுக்கும் ஒரே அறுபது பெயர்கள்தாம், ஹரிபாபு. உங்கள் பாட்டனாருக்குத் தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏஜென்சி அதற்குத் தேதி இல்லை என்று எழுதியிருக்கிறது."

அவர் அந்தப் பெட்டிகளைப் பார்த்தபடியே நின்றார். அதன் பிறகு அவர் என்னோடு ஒருபோதும் உரத்துப் பேசவில்லை.

செங்கம்மா ஒரு பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கினார். "இதுக்குள்ளவா அவுரு கீறாரு?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், எழுத வரவில்லை. 2000ஆம் ஆண்டு கோடையில் ரங்கையா நான் வேலை பார்த்த பள்ளிக்கு அந்தச் சீட்டுகளோடு வந்தார். "அய்வாரே, இதுல எழுத்து மங்கிக்கினே வருது. ஒரு நோட்டுல எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடேன்" என்றார். ஆசிரியரை எங்கள் பக்கத்தில் அய்வாரு என்பார்கள். எனக்கு அப்போது தேர்வுத்தாள் திருத்தும் அவசரம். "கணிப்பொறியில் ஏறியது அழியாது, ரங்கையா. தாள் போனால் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேர வேலை. நாற்பது பக்க நோட்டு. என் கோபத்தில் பாதி ஹரிபாபுவின் மேல் இருந்தால், மறுபாதி யார்மேல் இருக்கிறது என்பதைப் படிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மறைத்து எழுதும் எண்ணம் எனக்கில்லை.

பெட்டிகள் கிடைத்துவிட்டன; இனி என்ன என்று நினைத்தேன். அறியாமை. நாடாவைப் படிக்கும் கருவியை 2009இலேயே பழைய இரும்போடு விற்றுவிட்டார்கள். பூட்டை வைத்துக்கொண்டு சாவியை எடைக்குப் போட்டவர்கள் அவர்கள். பெங்களூரில் பழைய நாடாக்களைப் படித்துத் தருபவர் ஒருவர் இருப்பதை ஹரிபாபுவே தேடிக் கண்டுபிடித்தார். அவர் ஐந்தாறு வாரம் கேட்டார். எந்த நிரலால் எழுதிய நாடா, அதற்குக் கடவுச்சொல் என்ன என்றும் கேட்டார். நாடாக்களை ஹரிபாபு அனுப்பிவைத்தார்; செலவை ரமணா ஏற்றுக்கொண்டான்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது காலம். விசாரணை அலுவலர் செப்டம்பர் இருபத்திரண்டில் உத்தரவு போடுவதாக இருந்தது. நிறுவனம் இரண்டாவதாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும்: "எமது முந்தைய கடிதம் தவறு. பதிவுகள் உள்ளன. படித்துத் தர ஆறு வாரம் ஆகும்." இந்த மூன்று வாக்கியங்களை நானே எழுதி எடுத்துச் சென்றேன்.

ஹரிபாபு அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். நான்கு நாள் கழித்து விடை வந்தது. ஒரே பொருள் பற்றி நிறுவனம் முரண்பட்ட இரு கடிதங்கள் வழங்குவதில்லை.

"முதல் கடிதம் பொய் என்று உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும் சார்."

"தெரிந்தும்?"

"சார், முதல் லெட்டர் தப்புன்னு எழுதினா, அப்ப நாங்க தப்பா லெட்டர் கொடுக்கற கம்பெனின்னு ஆயிடும். இதே மாதிரி இன்னும் முந்நூறு பேருக்கு லெட்டர் போயிருக்கு."

"முந்நூறு பேருக்கா?"

அவர் மேசை மேல் இருந்த காகித எடைக்கல்லை இடம் மாற்றி வைத்தார்.

செங்கம்மா எழுந்து நின்றார். "வாங்க அய்வாரே, போலாம். இவுங்க தப்ப ஒத்துக்கினா இவுங்க பேரு கெட்டுடும். தப்பு அப்பிடியே இருந்தா எங்க தோட்டம்தான பூடும். இவுங்களுக்கு இன்னா."

நாங்கள் படி இறங்கும்போது ஹரிபாபு பின்னாலேயே ஓடி வந்தார். ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். பன்னிரண்டு நாடாக்கள் கிடங்கில் இருப்பதைத் தாம் கண்ணால் கண்டதாகத் தெலுங்கில் எழுதி, தம் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். "இது தெரிஞ்சா வேலை போயிடும் சார். ஆனா வச்சுக்குங்க" என்றார். அவரை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்தத் தாளுக்காக அவருக்கு நன்றியும் உரியது. அதையும் இங்கே பதிகிறேன்.

பழைய ஆலையில் கணிப்பொறி பார்த்தவர் யதிராஜ் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பத்துப் பையன். 1999 தொடக்கத்தில் அமெரிக்கா போய்விட்டான். அவனுடைய அக்கா அலர்மேல் கோவிந்தராஜர் கோயில் பக்கத்தில் குடியிருந்தார். காபி கொடுத்துவிட்டு, அந்த அம்மாளே தம்பியைத் தொலைபேசியில் அழைத்து என்னிடம் தந்தார்.

"சொல்லுங்கோ மாமா" என்றான். இப்போது நாற்பத்தைந்து வயதுக்காரன். நிரலின் பெயரைச் சொன்னான். கடவுச்சொல்லையும் சற்று யோசித்துச் சொன்னான்.

"சீட்டில் ஏன் ஆண்டு எண்ணைப் போடவில்லை?"

"அப்போ எல்லாரும் ரெண்டாயிரம் ரெண்டாயிரம்னு பயந்துண்டிருந்தா மாமா. தொண்ணூத்தாறுன்னு ரெண்டு இலக்கம் மட்டும் போட்டா, நூத்தாண்டு மாறினதும் எல்லாம் குழம்பிடும்னு பேச்சு. அந்தக் குழப்பத்தைச் சரி பண்ணத்தானே என்னையே இங்க அள்ளிண்டு வந்தா. தினம் ஆத்துல சங்கல்பம் பண்றச்சே சொல்ற வருஷப் பேர் இருக்கே, அது அறுபது வருஷத்துக்குக் குழம்பாதுன்னு அதையே எழுதினேன். எனக்கப்புறம் வந்தவரும் அப்படியே எழுதிண்டு வந்திருக்கார் போல."

"இந்த விளக்கத்தை ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கக் கூடாதா?"

"எழுதி வெச்சேனே மாமா. விவரமா ரெண்டு பக்கம்."

"எங்கே?"

"கம்ப்யூட்டர்லதான்" என்றான். "ஒவ்வொரு டேப்புலயும் முதல் ஃபைல் அதுதான்."

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்னும் குறிப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடல் கடந்து போயிருக்கிறான். நான் தொலைபேசியை அவன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் தம்பியிடம், "ஏண்டா, உப்பு ஜாடின்னு பேரை ஜாடிக்குள்ளயா எழுதி வெப்பா?" என்று கேட்டது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

செப்டம்பர் இருபத்திரண்டு வந்தது. நோட்டுத் தாளை விசாரணை அலுவலர் இருமுறை படித்தார்.

"லெட்டர்ஹெட் இல்ல. சீல் இல்ல. இந்தப் பக்கம் பாருங்க மாஸ்டர், சீல் போட்ட லெட்டர் இல்லன்னு சொல்லுது. ரெண்டுல எதை நான் நம்பறது?"

"இரண்டையும் எழுதியவர் ஒருவரே. நேரில் அழைத்துக் கேளுங்கள்."

"அதுக்கு நேரம் இல்ல. மேல இருந்து தேதி கொடுத்துட்டாங்க."

மனு தள்ளுபடி. உத்தரவில் இரண்டாம் பத்தி: கொள்முதல் செய்த நிறுவனமே பதிவு இல்லை என்று சான்றளித்திருப்பதால், மனுதாரரின் கூற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை. பதினொரு சொல்லில் முடிந்த வேலை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி மண்வாரி இயந்திரங்கள் வந்தன. நான் போனபோது முற்பகல். தொண்ணூற்றாறு மரங்களில் முப்பதுக்கு மேல் சாய்ந்துவிட்டன. அழுகையோ கூச்சலோ இல்லை. செங்கம்மா ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்து, இது எந்த ஆண்டு எத்தனை காய் காய்த்தது, எதில் தேன்கூடு இருந்தது, எதன் கிளை எந்தப் புயலில் முறிந்தது என்று இயந்திரம் ஓட்டுபவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் இரண்டு முறை இயந்திரத்தை நிறுத்தினார். மேற்பார்வையாளர் வந்து அதட்டியதும் மறுபடியும் ஓட்டினார். மாலைக்குள் நிலம் மட்டமாகிவிட்டது.

அக்டோபர் இருபத்து நான்கு, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், பெங்களூரிலிருந்து தாள்கள் வந்தன. முப்பத்தொரு பக்கம். பன்னிரண்டு நாடாக்களில் பதினொன்று படிக்கக் கிடைத்தன. செங்கம்மாவின் டப்பாவில் சீட்டு எண்பத்து மூன்று. இந்தத் தாள்களில் ரங்கையாவின் பெயரில் தொண்ணூற்றொரு வண்டிகள். அவர்கள் வீட்டில் தொலைந்த, எட்டுக்குக் குறையாத சீட்டுகளையும் சேர்த்துப் பொறி நினைவில் வைத்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் 214/3.

என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கச் சொன்னார். தொண்ணூற்றொன்றையும் படித்தேன். கணவரின் பெயர் வரும்போதெல்லாம் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். 1998 சூன் பத்தொன்பதை நெருங்கியதும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கி அவுரு போவல அய்வாரே. அவுருக்கு ஜொரம். நான்தான் வண்டியில போனேன். பேரு மட்டும் அவுரு பேரு சொன்னேன்." கொஞ்சம் யோசித்து, "நேரம் இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டார்.

"காலை நான்கு மணி பத்து நிமிடம்."

"ஆமா. விடியல. மழ தூறிக்கினு இருந்துச்சி."

மேல்முறையீடு செய்திருக்கிறோம். சனவரியில் முதல் விசாரணை நடந்தது. படிக்கக் கிடைக்காத ஒரு நாடா விஷு ஆண்டினுடையது, அதாவது 2001. பழைய ஆலையில் ஆயுத பூசைக்கு எல்லாப் பொறிகளுக்கும் வைப்பதுபோல அந்த நாடாவுக்கும் யாரோ பக்தியோடு சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அது மூடியின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, நாடாவைக் கடித்துப் பிடித்துவிட்டது. தொழிற்பேட்டையின் வழக்கறிஞர் எழுந்தார். பதினோர் ஆண்டுகளுக்கே பதிவு உண்டு, 2001க்கு இல்லை, ஆகவே பன்னிரண்டு ஆண்டுத் தொடர்ச்சி மெய்ப்பிக்கப்படவில்லை என்றார்.

அப்படியானால் தொண்ணூற்றாறு மாமரங்களும் 2000இல் காய்த்துவிட்டு, 2001இல் மண்ணுக்குள் போய் ஒளிந்திருந்து, 2002 மே மாதத்தில் முழு மரங்களாக எழுந்து ஏழு வண்டி காய் கொடுத்தனவா? இதைக் கேட்க எனக்கு அங்கே உரிமை இல்லை. எங்கள் வழக்கறிஞர் இன்னும் மரியாதையான சொற்களில் கேட்டார். வழக்கு ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. வென்றாலும் வெறும் நிலம்தான் திரும்பும். செங்கம்மாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். "நட்டுக்கலாம்" என்கிறார்.

அந்த நிறுவனம் 'இல்லை' என்ற கடிதத்தை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. மற்ற முந்நூறு கடிதங்களையும் பெறவில்லை. அந்த முந்நூறு பேர் யார் என்று எனக்குத் தெரியாது; ஹரிபாபுவின் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

இதைப் படிக்கும் நீங்கள் ஏதோ ஓர் ஆலையிலோ வங்கியிலோ மண்டியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வேலை செய்பவராக இருக்கக் கூடும். உங்கள் அலுவலகத்திலும் ஓர் அலமாரி இருக்கிறது. இந்த வாரமே அதைத் திறவுங்கள். உள்ளதில் மிகப் பழைய பெட்டியை எடுத்து, அதிலிருந்து ஒருவரின் பெயரையும் ஒரு தேதியையும் உங்கள் கண்முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்க முடிந்தால், அதில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். படிக்க முடியாவிட்டால், அதற்குள் பெயர் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதை எழுத்தில் தெரிவியுங்கள்; அவர்கள் உயிரோடிருக்கும்போதே தெரிவியுங்கள். தேடாமல் 'இல்லை' என்று எவருக்காவது ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் கடிதத்தை இன்றே, உங்கள் பெயரும் முத்திரையும் இட்டு, திரும்பப் பெறுங்கள்.